பரணைக் கூட்டுமுன் ஒரு கேள்வி

மார்கழி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் துடைப்பத்துக்கு ஓய்வில்லை. ஒட்டடை அடிப்பது, பரணில் உள்ள பாத்திரங்களை இறக்குவது, உடைந்த ஓடுகளை மாற்றுவது, வெள்ளையடிப்பது என்று போகி வரையில் ஏதேனும் வேலை இருந்துகொண்டே இருக்கும். அதே நாள்களில் எங்கள் நுரையீரல் மருத்துவப் பிரிவின் புறநோயாளர் வரிசையும் நீளும். தூசு பட்டு இளைப்பு மிகுந்தவர்கள், இருமல் நிற்காதவர்கள் எனப் பலர் வருவார்கள். பெரும்பாலோர் சில நாள்களில் தேறிவிடுவார்கள். தேறுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆன ஒருவரைப் பற்றி, அவர் குடும்பத்தின் இசைவோடு, இங்கே சொல்ல விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை முடிந்து அவர் வீடு திரும்பினார். ஐம்பது வயதைக் கடந்தவர். சொந்த ஊரில் பழைய ஓட்டு வீடு. வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் தந்த அறிவுரைத் தாளில், "வீட்டைத் தூய்மையாக வைத்திருங்கள்" என்றொரு வரி இருந்தது. குடும்பத்தார் அதை அப்படியே நிறைவேற்றினர். போகிக்கு முந்தைய வாரம் மகன் பரணில் ஏறி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடந்த குப்பையைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார். கீழே கூடத்தில் தந்தை நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஓட்டுக்கு அடியில் வௌவால்கள் தொங்குவதைக் கண்ட மகன், அன்று நண்பகலிலேயே இடுக்குகளை எல்லாம் சாந்து வைத்து அடைத்துவிட்டார். உள்ளே அகப்பட்டவை மடிந்தன. நான்காம் நாள் வீட்டுக்குள் நிற்க முடியாத நாற்றம். மறுபடியும் பரணில் ஏறினார்கள், மறுபடியும் கூட்டினார்கள்.

ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் காய்ச்சலோடும் எடைக்குறைவோடும் அவர் எங்களிடம் வந்தார். காசநோயாக இருக்கும் என்று எண்ணினோம். நம் நாட்டில் மருத்துவர்கள் முதலில் அப்படி எண்ணுவதே இயல்பு. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ஒரு வாரம் சோதனைகளிலேயே கழிந்தது. ஒருநாள் மாலை அவருடைய மனைவி, வார்டில் இருந்த செவிலியரிடம் பேச்சுவாக்கில், "பொங்கலுக்கு முன்னாடி பரணைச் சுத்தம் பண்ணினோம் சிஸ்டர். ரெண்டு சாக்கு எலிப்புழுக்கை!" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் செவிலியரும் ஓட்டு வீட்டில் வளர்ந்தவர். "ரெண்டு சாக்கு அளவுக்கு எலி போடாதும்மா. மேலே வௌவால் இருந்துச்சா?" என்று கேட்டார்.

அவர் வந்த முதல் நாளே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எலும்பு மஜ்ஜைச் சோதனையில் ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சை தென்பட்டது. மருந்து தொடங்கினோம், அவர் பிழைத்தார், மாற்றிய சிறுநீரகமும் காப்பாற்றப்பட்டது. மகன் மட்டும் ஒருநாள் எங்கள் அறைக்குத் தனியே வந்து, "என்னாலதான் அப்பாவுக்கு இது வந்துச்சா, டாக்டர்?" என்று கேட்டார். பரணிலிருந்துதான் வந்தது என்று மெய்ப்பிக்க வழியில்லை என்றோம். தூய்மையாக வைத்திருங்கள் என்று எழுதியவர்கள் நாங்கள். எப்படி என்று எழுதாதவர்களும் நாங்களே என்றும் சொன்னோம்.

அன்றுமுதல் எங்களுக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. உடல்நலம் குன்றியவர் இருக்கும் வீட்டில், பரணைக் கூட்டுமுன் "இது எதன் எச்சம்?" என்று கேட்க வேண்டும். வௌவாலுடையது என்று தெரிந்தால், முதலில் அவற்றை உயிரோடு வெளியேற வைக்க வேண்டும். துடைக்கும் வேலை அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் வௌவாலுக்கும் கேடு, நோயாளிக்கும் கேடு.

எதன் எச்சம்?

அடையாளம் காணும் வேலையை வீட்டில் திடமாக இருப்பவர் ஒருவர் செய்யட்டும். நோயாளி அந்தப் பக்கமே வர வேண்டா. முகக்கவசமும் கையுறையும் அணிந்து, எதையும் கலைக்காமல், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிட முடியும்.

எலிப்புழுக்கை கெட்டியாக, இரு முனையும் சற்றுக் கூர்ந்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெருச்சாளியுடையது இதைவிடப் பெரிது. சுண்டெலியுடையது ஓர் அரிசிமணி அளவுதான். எலி நடமாடும் வழியெங்கும், சுவரோரமாகவும் மூட்டைகளின் பின்னும், இவை சிதறிக் கிடக்கும். பக்கத்தில் கடித்த தடங்களும் இருக்கும்.

பூச்சி தின்னும் சிறு வௌவாலின் எச்சம் பார்வைக்குச் சுண்டெலியின் புழுக்கை போலவே இருப்பதால்தான் குழப்பம் நேர்கிறது. வேறுபாடுகள் மூன்று. முதலாவது, அது சிதறிக் கிடக்காது; வௌவால்கள் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே குவியலாகச் சேரும். இரண்டாவது, அது எளிதில் பொடியும். ஒன்றைக் குச்சியால் ஒரு தாளில் தள்ளி, இரண்டு சொட்டு நீர் விட்டு அழுத்திப் பாருங்கள். வௌவாலுடையது உதிர்ந்து, பூச்சிகளின் இறகுத் துணுக்குகள் மினுமினுக்கும். எலியுடையது அப்படி உதிராது. மூன்றாவது, வௌவால் நுழையும் இடுக்கின் விளிம்பில் எண்ணெய் தடவியது போன்ற கருங்கறை படிந்திருக்கும்.

பல்லியின் எச்சத்தில் கரிய மணியின் ஒரு முனையில் வெண்மையான துளி ஒட்டியிருக்கும். கரப்பானுடையது மிளகுத்தூள் போல இருக்கும். புறா, குருவி ஆகியவற்றின் எச்சம் வெண்மை கலந்து காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அருகே இறகும் சுள்ளியும் கிடக்கும். விரல் நீளத்தில், பழக்கொட்டைகள் நிறைந்து கிடந்தால் அது மரநாயாக இருக்கலாம். இரவில் ஓட்டின் மேல் கனமான காலடி கேட்பதும் அதற்குச் சான்று. மரநாய் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. முகப்புச் சுவரிலும் தாழ்வாரத்திலும் விதையும் பழச்சக்கையுமாகத் தெறித்த கறை இருந்தால் அது பழந்தின்னி வௌவாலின் வேலை. அது பரணில் குடியிருப்பதில்லை; இரவில் வந்து தின்றுவிட்டுப் போகிறது.

இந்த வேறுபாடு மருத்துவத்துக்கு ஏன் முக்கியம்? எலி என்றால் எங்கள் எண்ணம் எலிக்காய்ச்சல் பக்கம் போகும். அது எலியின் சிறுநீர் கலந்த நீராலும் ஈரமண்ணாலும் வருவது. புறா என்றால், எச்சத்தூசை நாள்தோறும் சுவாசிப்பதால் நுரையீரலில் ஏற்படும் ஒவ்வாமை அழற்சியை நினைப்போம். கவனியாமல் விட்டால் அது நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குப் புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூளையுறை வரையில் போகக்கூடும். வௌவால் என்றால் ஹிஸ்டோபிளாஸ்மா. சோதனைகளும் மருந்துகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

அஞ்ச வேண்டியதும் வேண்டாததும்

ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை, வௌவாலின் அல்லது பறவையின் எச்சம் கலந்த மண்ணிலும் குப்பையிலும் வளர்வது. குப்பையைக் கிளறும்போது அதன் நுண்வித்துகள் காற்றில் எழுந்து மூச்சோடு உட்செல்கின்றன. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை. நலமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குச் சளிக்காய்ச்சல் போல வந்து போய்விடும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்கள், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் ஆகியோருக்கு இது உடலெங்கும் பரவும் நோயாக மாறக்கூடும். விடாத காய்ச்சல், எடைக்குறைவு, வாய்ப்புண், கல்லீரல் மண்ணீரல் வீக்கம், அட்ரீனல் சுரப்பிகள் பெரிதாதல் என்று வெளிப்படும். அதனால்தான் காசநோயோ புற்றுநோயோ என்று மயங்க இடமுண்டு. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவிலிருந்து இந்நோய் பதிவாகியுள்ளது. தென்மாநிலங்களிலும் நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். ஆனாலும் காசநோயோடு ஒப்பிட்டால் இது மிக அரிது. கண்டறிந்துவிட்டால் மருந்தும் உண்டு. ஆகவே, காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அந்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

நிப்பா பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் நோய் பரவியபின், வௌவால் என்ற சொல்லே பலருக்கு நடுக்கம் தருகிறது. நிப்பா தீநுண்மியைச் சுமப்பவை மரங்களில் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள். உங்கள் ஓட்டிடுக்கில் இருக்கும் சிறு வௌவால் அதுவன்று. பழத்தைத் தொடாமல் பூச்சியையே தின்று வாழ்வது. வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை உண்ணாதிருப்பதும், பழங்களைக் கழுவி உண்பதும் போதிய முன்னெச்சரிக்கை.

எந்த வௌவாலானாலும் வெறுங்கையால் தொடக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. கடித்தாலோ கீறினாலோ, அந்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். ரேபிஸ் தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். காயம் சிறிது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

வௌவால் வீட்டுக்குள் வந்தால் கேடு நேரும் என்றொரு அச்சமும் சில குடும்பங்களில் இருக்கிறது. நோயாளி இருக்கும் வீட்டில் அந்த அச்சம் இன்னும் கனக்கும். அது சகுனமன்று, வழிதவறிய ஒரு சிற்றுயிர். மின்விசிறியை உடனே நிறுத்துங்கள். விளக்கை அணைத்து, உள்கதவுகளைச் சாத்தி, வெளிச்சன்னல்களைத் திறந்துவிடுங்கள். சிறிது நேரத்தில் தானே போய்விடும்.

உயிரோடு வெளியேற்றும் முறை

புகை போடுவது, அந்துருண்டை தூவுவது, நஞ்சு வைப்பது ஆகிய மூன்றும்தான் வழக்கத்தில் உள்ள முறைகள். மூன்றையும் நாங்கள் மறுக்கிறோம். புகை, நுரையீரல் நோயாளிக்கு வௌவாலைவிடக் கொடிது. கூரைக்கடியில் தீயும் பிடிக்கும். அந்துருண்டையின் ஆவி வௌவாலை விரட்டும் அளவுக்கு இருந்தால் மனிதரையும் வருத்தும். பச்சிளங்குழந்தைகளில் சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். நஞ்சுண்ட வௌவால் இடுக்கில் கிடந்து அழுகும். அல்லது தடுமாறி முற்றத்தில் விழும். அதைக் கையிலெடுப்பது பெரும்பாலும் குழந்தைதான். எலிக்கென்று வாங்கும் நஞ்சையும் வீட்டில் வைக்க வேண்டா. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை எப்படி அழிக்கும் என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்டவர்கள் நாங்கள்.

நாங்கள் பரிந்துரைக்கும் முறைக்குப் பெரிய செலவில்லை, பொறுமை வேண்டும்.

முதலில், பொழுது சாயும் வேளையில் இருவர் வீட்டுக்கு வெளியே, எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று கவனியுங்கள். எந்த இடுக்கிலிருந்து எத்தனை வௌவால்கள் வெளியேறுகின்றன என்று இரண்டு மூன்று மாலைகள் எண்ணுங்கள். ஒரு விரல் நுழையும் இடுக்கே அவற்றுக்குப் போதும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மோட்டு ஓட்டின் விளிம்பு, இறவாணம், சுவரும் கைமரமும் சேரும் இடம் ஆகியவற்றை உற்றுப் பாருங்கள்.

அடுத்து, குட்டிகள் உள்ளனவா என்று அறிய வேண்டும். வௌவால் பாலூட்டி. தாய் இரை தேடப் போகும்போது, பறக்கத் தெரியாத குட்டி உள்ளேயே இருக்கும். வழியை அடைத்தால் தாய் வெளியே தவிக்கும். குட்டி உள்ளே பசியால் மடியும். குளிர்நாடுகளில் குட்டி ஈனும் பருவம் கோடைக்குள் அடங்கும் என்பதால் அங்கே மாதத்தைப் பார்த்தே நாள் குறிக்கிறார்கள். நம் பகுதியில் அந்தக் கணக்கு உதவாது. இங்கே சில இனங்கள் ஆண்டுக்கு ஒருமுறையும், சில இனங்கள் ஒருமுறைக்கு மேலும் ஈனுகின்றன. ஆகவே கண்ணால் பார்ப்பதே வழி. பெரியவை வெளியேறியபின் முகக்கவசத்தோடு ஏறி, மங்கலான ஒளியில் பாருங்கள். மயிரில்லாத சிறு உடல்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ கீச்சொலி கேட்டாலோ, சில வாரங்கள் காத்திருங்கள். சிறு வௌவால்களின் குட்டிகள் மூன்று முதல் ஆறு வாரங்களில் பறந்துவிடும்.

குட்டிகள் இல்லை என்று தெரிந்தபின், முதன்மை வழியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடுக்குகளைச் சாந்தாலோ கம்பிவலையாலோ அடையுங்கள். விட்டுவைத்த வழியின் மேல், கண்கள் நெருக்கமான நைலான் வலை ஒன்றைத் திரைபோலத் தொங்கவிடுங்கள். மேற்புறமும் பக்கங்களும் சுவரோடு பொருந்தியிருக்க வேண்டும். கீழ்ப்புறம் திறந்து, இடுக்குக்குக் கீழே இரண்டடி வரை தளர்வாகத் தொங்க வேண்டும். வெளியேறும் வௌவால் வலைக்கும் சுவருக்கும் இடையே ஊர்ந்து இறங்கிப் பறந்துவிடும். திரும்பி வரும்போது பழைய இடுக்கின் மணத்தையே நாடி வந்து, வலையின்மேல் மோதி, வேறு இடம் தேடிப் போய்விடும். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். கனமழை இரவுகளில் வௌவால்கள் வெளியே வராமல் இருக்கக்கூடும் என்பதால் அந்நாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தொடர்ந்து இரண்டு மாலைகள் ஒன்றுகூட வெளியேறவில்லை என்றால், உள்ளே பார்த்து உறுதி செய்துகொண்டு, வலையை எடுத்துவிட்டு அந்த வழியையும் அடைத்துவிடலாம்.

"நோயாளிக்கு மருந்து வாங்கவே தவிக்கிறோம், வௌவாலுக்கு இவ்வளவு இரக்கமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் களைப்பை நாங்கள் அறிவோம். எங்கள் விடை இது: நாங்கள் சொல்லும் முறையில் பரணில் ஏறிக் கிளறும் வேலை ஒரே ஒரு முறைதான். உள்ளே வைத்து அடைத்தால் இருமுறை ஏற வேண்டும். இருமுறை தூசு எழும். மேலே சொன்ன வீட்டில் நேர்ந்தது அதுதான். இரக்கமும் மருத்துவமும் இங்கே ஒரே வழியைக் காட்டுகின்றன. ஊர் ஆலமரத்தில் தங்கும் வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத சிற்றூர்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன. ஐந்து கிராம் எடைகூட இல்லாத ஓருயிருக்காக ஒரு வாரம் காத்திருப்பது நமக்குப் புதிய பண்பன்று.

எல்லா வீட்டிலும் வௌவாலை வெளியேற்றியே தீர வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் நலமாக இருந்து, எச்சம் கூடத்துக்குள் விழாதபடி தடுப்பு இருந்தால், அவை இருந்துவிட்டுப் போகட்டும். இரவெல்லாம் கொசுவையும் வண்டையும் தின்று நமக்கு உதவுபவை அவை. எதிர்ப்பாற்றல் குன்றியவர் அடியில் படுத்துறங்கும் கூரையில்தான் அவற்றுக்கு இடமில்லை.

துடைக்கும் நாள்

அந்த நாளில் நோயாளி வீட்டில் இருக்கக் கூடாது. அன்றும் மறுநாளும் உறவினர் வீட்டில் தங்கட்டும். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது போதாது. குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

உலர்ந்த துடைப்பம் வேண்டா. எச்சத்தின் மேல் சோப்பு கலந்த நீரைத் தெளிப்பானால் மெல்லத் தூவி, நன்கு ஊறவிடுங்கள். நீரைப் பீய்ச்சினால் அதுவும் தூசைக் கிளப்பும். ஊறியபின் தட்டையான கரண்டியால் வழித்து, இரட்டைப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டுங்கள். பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். செய்பவர் என்-95 முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி ஆகியவற்றை அணிந்திருக்க வேண்டும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது பாதுகாப்பாகாது. வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, உடைகளைத் தனியே துவைக்க வேண்டும். கிருமிநீக்கத்துக்கு ப்ளீச்சிங் கரைசல் பயன்படுத்தினால், அதனோடு ஆசிட் போன்ற எதையும் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும்.

சாக்குக் கணக்கில் சேர்ந்திருந்தால் ஆள் வைத்துச் செய்வதே நல்லது. அப்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். வேலைக்கு வருபவருக்கும் அதே முகக்கவசத்தையும் கையுறையையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஈரப்படுத்திச் செய்யும்படி சொல்லுங்கள். கூலி கொடுத்துவிட்டோம் என்பதால் அவருடைய நுரையீரல் நம்முடையதைவிட உறுதியாகிவிடாது. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களையும் பொங்கல்தோறும் பார்க்கிறோம். ஏணியைப் பிடிக்க ஒருவர் கீழே நிற்கட்டும்.

எங்களிடம் சொல்லுங்கள்

பரணைத் துடைத்தபின், அல்லது அத்தகைய தூசில் இருந்தபின், மூன்று நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி வந்தால் மருத்துவரிடம் வாருங்கள். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அது பல வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். வரும்போது, "பரணைத் துடைத்தோம்; வௌவால் எச்சம் இருந்தது" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டுங்கள். மருத்துவரிடம் பரண் பற்றியெல்லாம் பேசுவதா என்று தயங்க வேண்டா. எங்களுக்கு அது இரத்தச் சோதனை முடிவுக்கு இணையான செய்தி.

பொறுப்பை உங்கள் மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. நோயாளி எந்த வீட்டுக்குத் திரும்புகிறார் என்று கேட்பது மருத்துவரின் கடமை. ஓட்டு வீடா, மாடி வீடா? சன்னலில் புறா அடைகிறதா? பரணில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நாங்கள் தராததால் ஒரு குடும்பம் ஓராண்டு துன்பப்பட்டது. எங்கள் பிரிவின் அறிவுரைத் தாளில் அந்தப் பழைய வரி இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, "வீட்டில் பெரிய அளவில் தூய்மைப் பணி செய்யுமுன் எங்களைக் கேளுங்கள்; அந்த நாளில் நோயாளி வீட்டில் இருக்க வேண்டா" என்று எழுதியிருக்கிறோம். மற்ற பிரிவுகளும் மற்ற மருத்துவமனைகளும் இப்படியே செய்ய வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

அந்த மகன் சென்ற ஆண்டு மார்கழியில் எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். மாட்டுக்கொட்டகையின் ஓட்டுக்கடியில் மறுபடியும் வௌவால் வந்திருக்கிறதாம். மூன்று மாலைகள் எண்ணியிருக்கிறார், பதினொன்று இருக்கின்றனவாம், குட்டிகளும் தெரிகின்றனவாம். "பறக்கிற வரைக்கும் விட்டுடறேன் டாக்டர். இந்தப் போகிக்குக் கொட்டகையைத் தொடப் போறதில்லை" என்றார். தந்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டோம். வாசல் திண்ணையில் அமர்ந்து, அன்று மாலை வெளியேறியவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று விடை வந்தது.